பாக்கில்லாத் தாம்பாளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது, ஆகஸ்டு கடைசி. ஜெர்மனிக்காரன் போலந்து எல்லையில் நின்றான். ஆலடிமேட்டு அரங்கநாதன் செலியமேட்டு வாய்க்கால் தலைப்பில் நின்றான். போலந்துக்குப் பிரான்சு வாக்குக் கொடுத்திருந்தது. செலியமேட்டுப் பச்சையப்பனுக்குச் சோரியாங்குப்பம் சுப்புராயன் வாக்குக் கொடுத்திருந்தார்.

பச்சையப்பனின் கரும்பு தோகை சுருண்டுவிட்டது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் பாயாவிட்டால் வெட்டி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். அரங்கநாதன் ஏரி வாய்க்காலை மண்மூட்டையால் அடைத்து, பக்கத்தில் கட்டிலும் போட்டுவிட்டான். கட்டிலைச் சுற்றித் தடியர்கள். பச்சையப்பனிடம் இருந்தது இரண்டு பண்ணையாள்களும் ஒரு சம்பந்தியும். அந்தச் சம்பந்திதான் சுப்புராயன். அவர் கை அசைத்தால் சோரியாங்குப்பத்தில் நாற்பது கழி எழும்.

பச்சையப்பன் முன்யோசனைக்காரர். போன உலகச் சண்டையில் பாக்குக்குப் பஞ்சம் வந்ததாம். யாரோ சொல்லக் கேட்டு, பாகூர்ச் சந்தையில் இருந்த பாக்கையெல்லாம் வாங்கி வீட்டுப் பரணில் ஏற்றியிருந்தார்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட அந்தப் பக்கத்தில் சண்டைக்கு ஆள் கேட்பது வாயால் அல்ல. வெற்றிலை பாக்கு வைத்துத் தாம்பாளம் அனுப்ப வேண்டும். வாங்குகிறவர்கள் அதை அங்கேயே மென்றுவிட வேண்டும். வருவதானால் தங்கள் வீட்டு வெற்றிலை பாக்கை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். வராவிட்டால் வெறும் தாம்பாளம். கொண்டுபோகிறவன் இரண்டு பக்கமும் வாயைத் திறக்கக் கூடாது. பேசினால்தான் பொய் வரும் என்பது பெரியவர்கள் ஏற்பாடு.

பச்சையப்பன் சோரியாங்குப்பத்துக்கு அனுப்பிய தாம்பாளம் திரும்பி வந்தது. கொழுந்து வெற்றிலை இருந்தது. சுண்ணாம்பு இருந்தது. பாக்கு இல்லை.

இப்படி ஒரு பதில் இதுவரை வந்ததில்லை. தாம்பாளத்தை ஷேக் மைதீன் கடைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இன்னாசிமுத்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து, போன சண்டையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். சண்டை என்றால் ஊரில் அவர் சொல்வதுதான்.

"வெத்திலை இருக்குல்ல மாமா, வருவாங்க" என்றான் மைதீன்.

"பாக்கு எங்கடா?" என்றார் இன்னாசிமுத்து. "வெத்திலை மருவாதி. பாக்குதான் கழி. மருவாதி உண்டு, கழி கெடையாதுங்கறான். பெரிய ராஜாங்கமெல்லாம் இப்படித்தான் பேசும்."

"எனக்கு ராஜாங்கம் வேணாம் சொல்தா ஐயா, தண்ணி வேணும். இப்ப இன்னா பண்றது?" என்றார் பச்சையப்பன்.

யோசிப்பதற்கு இன்னாசிமுத்து ஒரு பாக்குக் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றான் மைதீன். வெறும் புகையிலையை வைத்தே யோசித்தார்.

"சமாதானம் பேசு" என்றார்.

பச்சையப்பன் தனியாகவே போனார். அரங்கநாதன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னா பச்சையப்பா, உன் சம்பந்தி பட்டாளம் எங்க?"

"பட்டாளம் எதுக்கு அரங்கநாதா? பேசிக்கலாம்."

"பேசு. ஏரிக்கரை அய்யனார் கோயில்ல முதல் மருவாதி இனிமே எங்களுக்கு. இந்த வருசம் மட்டும் இல்ல, எப்பவும்."

நான்கு தலைமுறையாகப் பச்சையப்பன் வீட்டுக்கு வந்த மரியாதை. பச்சையப்பன் கரும்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மூட்டைகள் நகர்ந்தன. வாய்க்காலில் தண்ணீர் இறங்கியது.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் நாற்பது பேர் கழியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுப்புராயன்.

"எங்க போயிட்டீங்க சம்பந்தி? சண்டை எத்தினி மணிக்கு?"

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். தாம்பாளத்துல பாக்கு இல்லியே."

"பாக்கு கெடைச்சாத்தானே வெக்கறதுக்கு. பாகூர்ச் சந்தையில ஒண்ணுகூட இல்ல. எவனோ ஒரு மடையன் மொத்தத்தையும் அள்ளிக்கினு போயிட்டானாம்."

பச்சையப்பன் பரண் பக்கம் பார்க்கவில்லை. அவர் மனைவி தையலம்மாள் பார்த்தாள். "அந்த மடையன் எனக்குத் தெரிஞ்சவருதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, நாற்பது பேருக்கு உலை வைக்கப் போனாள்.

சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு வெற்றிலை போட வேண்டுமே. பரணிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கோயில் மரியாதைக்கு நாள் குறிக்க வந்த ஆலடிமேட்டு ஆள் அந்த நேரம் பார்த்து வாசலில் நுழைந்தான். நாற்பது கழி, நடுவில் தாம்பாளம், எல்லார் வாயிலும் பாக்கு. அவன் நாள் குறிக்காமலே ஓடினான்.

வாய் சிவப்பதற்குள் வாய்க்கால் நின்றுவிட்டது. இந்தத் தடவை மூட்டை இரண்டு மடங்கு.

"சமாதானம் ஆயிடுச்சின்னீங்களே?" என்றார் சுப்புராயன்.

"ஆச்சு."

"அப்ப தண்ணி?"

"நின்னுடுச்சு. நீங்க எழுந்தீங்கன்னா..."

"அது எப்படி சம்பந்தி? நீங்க சமாதானம்னு தலை ஆட்டின எடத்துல நான் கழி எடுத்தா என் பேரு இன்னா ஆவறது? அந்தத் தாம்பாளம் அதோட முடிஞ்சுது. வேணும்னா புதுசா ஒண்ணு அனுப்புங்க."

நாற்பது பேரும் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள்.

பச்சையப்பன் மறுநாளே புதுத் தாம்பாளம் அனுப்பினார். வெற்றிலை, பாக்கு இரண்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. பாக்கு அவருடையதுதான், விருந்தன்று சோரியாங்குப்பத்தார் மடியில் கட்டிக்கொண்டு போனது. ஆள்கள்தான் வரவில்லை.

திங்கட்கிழமை மைதீன் கடை வழியாகப் பச்சையப்பனின் வண்டி போயிற்று. வண்டி நிறைய, மாட்டுக்கென்று வெட்டிய கரும்பு. இன்னாசிமுத்து பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சேதி தெரியுமா? போலந்துக்காரனுக்குத் துணையா நம்ம பிரான்சு சண்டையில எறங்கிடுச்சி."

பச்சையப்பன் மாட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆள் போய்ச் சேந்துட்டாங்களாமா?"

இன்னாசிமுத்து முதல் பக்கத்தை முழுசாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார்.

"அதப் போடல" என்றார்.