அப்பளம் சாப்பிடவில்லை

திருக்கை மீனைப் பார்த்ததும் "புட்டு வெச்சா நல்லா இருக்கும்" என்று சொல்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இருக்கிற எங்கள் மீன் காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். கண்ணாடித் தொட்டிக்குள், முதுகில் சிலிண்டரோடு நின்றுகொண்டிருக்கும் எனக்கு அவர்களுடைய உதட்டசைவே போதும், தெரிந்துவிடும். என் வாயில் காற்றுக்குழாய் இருப்பதால் பிழைத்தார்கள்.

எங்கள் திருக்கைக்குப் பெயர் அப்பளம். நான் வைத்ததுதான். வந்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. இப்போது விரித்துப் போட்டால் எங்கள் வீட்டுக் கட்டில் காணாது. வால் முள்ளில் விஷம் என்பதால் நகம் வெட்டுவதுபோல அதை அவ்வப்போது வெட்டிவிடுவோம். மற்றபடி பரம சாது. கீழே எதையாவது போட்டால் மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும் என்று சின்னதிலிருந்தே கையில் வாங்கித் தின்னப் பழக்கியிருந்தேன். மணலில் மண்டி போட்டு, தடித்த கையுறை மாட்டிய வலது கையில் கணவாயை வைத்து நீட்டினால் மெதுவாக மிதந்து வந்து கையை அப்படியே மூடிக்கொள்ளும். வாய் அடியில் இருக்கிறது. சர்ரென்று ஓர் உறிஞ்சு, கணவாய் காலி.

தங்கை சமரீனுடைய நிக்காஹ்வுக்காக ஆயுத பூஜைக்கு முன்பே லீவு போட்டுவிட்டுப் போனவள், எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பினேன். முதலாளி கலைவாணன் சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"அப்பளம் பூஜைக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலம்மா. சென்னையில ஒரு பெரிய அக்வேரியத்துல பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை லாரி வருது."

"சாப்பிடாத உசுர அவ்ளோ தூரம் லாரியில கொண்டு போனா உருப்படியா போய்ச் சேருமா சார்?"

"இங்கயே கிடந்தா மட்டும் பொழைக்குமா? அங்க டாக்டர் இருக்காரு. நமக்கு யாரு இருக்கா? லாரி வர்றதுக்குள்ள அது சாப்பிட்டுச்சுன்னா திருப்பி அனுப்பிடறேன். சத்தியமா."

அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. அவருக்கே கண் கலங்கியிருந்தது.

தண்ணீரையும் மோட்டார்களையும் பார்த்துக்கொள்கிற மாதேஸ் ஓடி வந்தான். வத்தல்மலைக்காரன். நான் இல்லாதபோது அவன்தான் அப்பளத்துக்கு ஊட்டுவான். "அக்கா, உங்களக் காணாம ஏங்கிப் போச்சுங்க" என்றான்.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. பெருமையோடு இறங்கினேன். அப்பளம் வந்தது, என் வயிற்றில் உரசியது, கொஞ்சியது. கணவாயை நீட்டினேன். கைமேல் வந்ததும் சுரீரென்று விலகி மூலைக்குப் போய்விட்டது. ஏக்கமாவது ஒன்றாவது! கண்ணாடிக்கு வெளியே ஓர் அம்மா சிரித்ததையும் பார்த்தேன்.

மேலே ஏறி வந்து மாதேஸைப் பிடித்துக்கொண்டேன். "என்ன கருமத்தக் குடுத்த அதுக்கு?"

"அதே கணவாய்தாங்க்கா, அதே பக்கெட்டு. நீங்கதான் கல்யாண வூட்டுல இருந்து வந்திருக்கீங்க. அத்தர் வாசம் ஆளத் தூக்குது."

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாடி யாரு அத்தருக்குப் பயந்து ஓடுச்சு?"

மறுநாள் மத்தி, இறால், நண்டு என்று எல்லாம் நீட்டிப் பார்த்தேன். வரும், மேலே நிற்கும், போய்விடும். தண்ணீருக்குள் அழக்கூடாது, முகக்கண்ணாடி மங்கிவிடும். அழுதேன்.

ஞாயிறு காலையும் அதே கதைதான். மத்தியானம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த பிரியாணியைத் திறந்தேன். முதல் வாய் எடுத்தபோது குமட்டியது. பிரியாணியில் ஜவ்வாது வாசனை! அம்மா அப்படிச் செய்கிறவள் இல்லையே. கையை முகர்ந்தேன். இடது கையில் ஒன்றும் இல்லை. வலது கையில் மட்டும் கமகம. கையுறை மாட்டுகிற கை!

எழுந்து ஓடிப்போய்க் கையுறைக்குள் மூக்கை நுழைத்தேன். ஐயோ, சாமி ஊர்வலமே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மாதேஸ்! பூஜையன்னைக்கு இந்தக் கையுறைய என்ன பண்ணின?"

"எல்லாத்துக்கும் பண்ணதுதாங்க்கா. மோட்டாரு, பில்டரு எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். இது நம்ம அப்பளத்துக்குச் சோறு போடற பொருளாச்சேன்னு இதுக்கு மட்டும் ஜவ்வாது கொஞ்சம் ஜாஸ்தி."

"எவ்ளோ ஜாஸ்தி?"

"டப்பா பூரா. உள்ளயும் வெளியவும் தேய்ச்சேன். பொட்டு கரைஞ்சா மீனுக்கு ஆகாதுன்னு அப்புறம் கழுவிட்டேங்க்கா."

கழுவினால் போகிற வாசனையா அது? திருக்கைக்கு மூக்கு வாய்க்குப் பக்கத்திலேயே, அடியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் நாங்கள் ஜவ்வாதைத்தான் ஊட்டியிருக்கிறோம். மாதேஸுக்குப் புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நாந்தான் அதப் பட்டினி போட்டனா?"

அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. ஊட்டுகிற கைக்கு அதிக மரியாதை செய்தவனை எப்படித் திட்டுவது?

வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

வேறு கையுறை இல்லை. அப்பளத்துக்குப் பழகியது என் வலது கைதான். பக்கெட்டிலிருந்து மீன் குடலை அள்ளி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சமரீன் கல்யாணத்து மருதாணிக்கு மேலேயே அப்பிக்கொண்டேன்.

"வெறுங்கையாவா? நண்டு ஓட்டையே நொறுக்கற வாயிங்க்கா!" என்று அலறினான் மாதேஸ்.

"நொறுக்கினா இடது கையில ஊட்டறேன். தள்ளு."

இறங்கி மண்டி போட்டேன். விரல்களைச் சேர்த்துக் கையைத் தட்டையாக வைத்துக்கொண்டேன். அப்பளம் வந்தது. கைமேல் இருட்டிக்கொண்டு நின்றது. அதன் மூக்கு மணிக்கட்டில் குறுகுறுத்தது. போய்விடாதே தங்கம், போய்விடாதே என்று கெஞ்சினேன்.

சர்ர்ர்!

விரல்களும் சேர்ந்து உள்ளே போய் வெளியே வந்தன. ஐந்தும் இருந்தன. கணவாய் இல்லை. அடுத்ததை நீட்டினேன், அதுவும் போயிற்று. பக்கெட் காலியாகும் வரை அது என் கையை விடவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்காமல் குமிழியாகப் போயிற்று.

கண்ணாடிக்கு வெளியே மாதேஸ் குதித்துக்கொண்டிருந்தான். கலைவாணன் சார் தலையில் கை வைத்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அவரிடம் ஏதோ சொன்னார். உதட்டசைவு தெரிந்தது. புட்டுதான். முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை.

லாரி வெறும் வண்டியாகத் திரும்பிப் போயிற்று.

அன்று மாலை எங்கள் வீட்டில் புதுமாப்பிள்ளைக்கு விருந்து. பந்தியில் என் வலது பக்கம் யாருமே உட்காரவில்லை. பரிமாற வந்த சமரீன் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, என்ன இது நாத்தம்! கைய நீட்டு, அத்தர் பூசி வுடறேன்."

நான் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"கிட்ட வராத. காலையில எம்புள்ளைக்கு ஊட்டணும்."