சிட்டு கண் திறந்த படம்

ஸ்டுடியோவில் அவனை எல்லாரும் எடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண ஆல்பம் எதுவானாலும் அவன் கைக்கு வந்துதான் வெளியே போகும். மணப்பெண்ணின் நெற்றிப் பருவை எடுப்பான், மாப்பிள்ளையின் தொப்பையை ஒரு சுற்றுக் குறைப்பான், குரூப் போட்டோவில் தூங்கி வழிகிற சித்தப்பாவுக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பான். "எங்க எடிட்டர் கை பட்டா செத்தவனும் சிரிப்பான்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். எடிட்டரின் குழந்தை போன பிறகு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

குறை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வாரம் போல இருந்தது. அதற்கு மேல் இருக்கவில்லை. பெயர்கூட வைக்கவில்லை, அவன் மனைவி பெட்டிக்கு வெளியே நின்று "சிட்டு, சிட்டு" என்று கூப்பிட்டதோடு சரி. பெற்றவர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. நர்ஸிடம் கேட்டுக்கொண்டு அவன் தன் கேமராவில் கொஞ்சம் படங்கள் எடுத்திருந்தான்.

அந்தப் படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், எடிட்டிங் மென்பொருளுக்குள் கிடந்தன. வேலை முடிந்து வந்ததும் அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவான். படத்தில் செய்கிற மாற்றமெல்லாம் அந்த மென்பொருளுக்குள்ளேயேதான் இருக்கும். எக்ஸ்போர்ட் கொடுத்தால்தான் தனிப் படமாகக் கம்ப்யூட்டரில் வந்து விழும். அதற்கப்புறம் பிரின்ட் போடலாம், போனில் அனுப்பலாம், யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அதை மட்டும் அவன் செய்யவே இல்லை.

"ஆச்சா?" என்று மனைவி கேட்பாள்.

"கலர் இன்னும் சரியா வரல."

முழுக் கல்யாண ஆல்பத்தையே நாலைந்து நாளில் முடித்துத் தள்ளுகிறவன். மாதக்கணக்கில் கலர் சரியாக வரவில்லை என்றால் நம்புவதற்கு அவள் என்ன சின்னப் பிள்ளையா? ஆனாலும் வற்புறுத்தாமல் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அக்கா போன் செய்தாள். வெகு தொலைவில் இருக்கிறவள்; அப்போது வர முடியாமல் போய்விட்டது.

"லீவு கிடைச்சிருச்சுடி. அடுத்த வாரம் வர்றேன்" என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். பாப்பா போட்டோ இருந்தா காட்டுவியா? பெரியம்மான்னு பேருதான், முகத்தக்கூட நான் பாக்கல."

போனை வைத்துவிட்டு அவள் நேராக அவன் இருந்த அறைக்குப் போனாள். ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா வர்றா. சிட்டுவப் பாக்கணுமாம். இன்னிக்கு அந்தப் படத்தையெல்லாம் வெளிய எடுத்துடுங்க."

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

"இருந்தது போதும். எடுங்க. நானும் இங்கயே இருக்கேன்."

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். வெள்ளைத் துணியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் இல்லை, கன்னத்தில் பிளாஸ்டர் இல்லை, நெஞ்சில் ஒயர் இல்லை. உதடு ரோஜா நிறத்தில் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது யாரு?"

"நம்ம சிட்டுதான்."

"சிட்டு இப்படியா இருந்தா?"

"குழாயெல்லாம் எடுத்துட்டேன். பிளாஸ்டர் ஒட்டி ஒட்டித் தோல் செவந்து போயிருந்துச்சுல்ல, அதையும் சரி பண்ணிட்டேன். பாக்கறவங்க பயந்துடக் கூடாதுன்னு..."

"நான் பயப்படலயே. நான் பாத்ததே அந்தக் குழாயோடதான். அதுதான் அவள அத்தன நாள் நம்மகிட்ட வச்சிருந்துச்சு. அதப் போய் அழிச்சிட்டீங்களே."

"ஒரு தடவையாவது அதெல்லாம் இல்லாம அவளப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றான்.

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். "எனக்கு அவ எப்படி இருந்தாளோ அப்படியே வேணும்."

பழையபடி ஆக்க ஒரு பொத்தான் போதும். அழுத்தினான். குழாய் திரும்பி வந்தது. பிளாஸ்டரும் தோலின் சிவப்பும் வந்தன. கன்னம் ஒட்டிப்போனது. ஒவ்வொரு படமாக அவன் மாற்றிக்கொண்டே போக, அவள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். "இது தொப்பி பெருசா இருக்குன்னு நர்ஸம்மா மடிச்சு விட்டாங்களே, அன்னிக்கு எடுத்தது." "இது உங்க விரலப் புடிச்சப்ப."

கடைசிப் படம் முடிந்ததும் கேட்டாள். "கண்ணத் திறந்தாளே, அது எங்க?"

அவன் கை நின்றுவிட்டது. குழந்தை ஒரே ஒரு தடவைதான் கண் திறந்தது. அவசரத்தில் எடுத்ததில் படம் ஆடிப்போயிருந்தது. ஆடிப்போன படங்களை உடனே அழித்துவிடுவது அவன் தொழிலில் பழக்கம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மனசு எங்கேயோ இருக்க, கை பாட்டுக்கு அந்த வேலையைச் செய்திருந்தது. மென்பொருளுக்குள் அதன் சின்ன உருவம் மட்டும் மிச்சமிருந்தது. மூலையில் ஓர் எச்சரிக்கைக் குறி.

எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தான். ஃபோல்டருக்கு என்ன பெயர் என்று கேட்டது. சிட்டு என்று அடித்தான். எக்ஸ்போர்ட் கொடுத்தான். பட்டை மெல்ல நகர்ந்து முடிந்தது. ஒரு படத்தை மட்டும் எடுக்க முடியவில்லை, அசல் கோப்பு இல்லை என்று திரையில் வந்தது.

கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் தேடினான். மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தான். அதன் மேல் எத்தனையோ கல்யாணங்கள் ஏறியிருந்தன.

"நானேதான் அழிச்சிருக்கேன்" என்றான்.

அவள் எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"திரையில தெரியுதுல்ல? அத அப்படியே புடிக்க முடியாதா?"

"முடியும். ரொம்பச் சின்னதா, மங்கலா இருக்கும். வேணும்னா கண்ண மட்டும் கொஞ்சம் தெளிவா..."

"வேணாங்க. மங்கலாவே இருக்கட்டும்."

அடுத்த வாரம் அக்கா வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதல் படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மங்கல் படத்தை மட்டும் மறுபடி மறுபடி வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"ஏய், மூக்கப் பாருடி. அப்படியே நம்ம அப்பா மூக்கு. நெத்தி நம்ம தம்பியோடது."

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பேசுகிற பேச்சுதான். அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அதைப் பேசியிருக்கவில்லை.

"காது எங்கம்மாவோடது" என்றான் எடிட்டர்.

"ஆமா, போங்க. அது என் காது" என்றாள் மனைவி.

அவன் வேறொரு படத்தைத் திறந்து, பெரிதாக்கி, காது மடலை விரலால் சுற்றிக் காட்டினான். அழுதுகொண்டேதான் காட்டினான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.