ஓவர்ஹெட் மைக் இரண்டு, உபயம்: மருதப்பன், வெள்ளத்துரை

போஸ்டரில் டிரம்மர் பேச்சிராஜாவின் பெயருக்கு முன்னால் 'சிம்பல் புயல்' என்று போடுவார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் மெல்லிசைக் கச்சேரி பார்த்த எவரும் அந்தக் கைவீச்சை மறந்திருக்க மாட்டார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே ஏறும். ஒரு கணம் அங்கேயே நிற்கும். பிறகு இடமும் வலமும் நிற்கிற பெரிய சிம்பல் தட்டுகளை நோக்கி இறங்கும். கூட்டம் விசிலடிக்கும். இதில் ஒரே ஒரு குறை. பதினோரு வருடமாக அவன் குச்சி அந்தச் சிம்பல்களைத் தொட்டதே இல்லை.

வாசுதேவநல்லூர்க் கோயில் கொடை ஒன்றில்தான் அது ஆரம்பித்தது. வலது சிம்பலில் விரல் நீளத்துக்கு விரிசல் விழுந்துவிட்டது. அடித்தால் ஓட்டைச் சட்டியைத் தட்டுகிற சத்தம். குழுவின் முதலாளி சங்கரபாண்டியனிடம் சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் சமாளிப்போம் என்று குச்சியை ஒரு இஞ்ச் மேலேயே நிறுத்திக்கொண்டான். கச்சேரி முடிந்ததும் சங்கரபாண்டியன் வந்து தோளைத் தட்டி, "இன்னைக்குத்தாம்லே உன் கை சுத்தமா இருந்துச்சு" என்றார். அதற்கப்புறம் எந்த மடையன் அடிப்பான்? இடது சிம்பல் நல்ல சிம்பல்தான். ஆனால் ஒன்று கேட்டு ஒன்று கேட்காவிட்டால் சந்தேகம் வருமே என்று அதையும் விட்டுவிட்டான். அடிக்காத குறைக்குக் கையை இன்னும் உயரத் தூக்கினான். புயல் ஆனது இப்படித்தான்.

எப்போதாவது யாராவது, "சிம்பல் சத்தம் கேக்கலையே" என்பார்கள். பேச்சிராஜா வருத்தமாகத் தலையை ஆட்டுவான். "மேல மைக்கு இல்லையே அண்ணாச்சி. ஓவர்ஹெட் மைக்கு ரெண்டு மட்டும் இருந்தா, நான் அடிக்கிற அடிக்கு இந்தத் தெருவே அதிரும்." வாங்கித் தர யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்தான் அவனை அப்படிப் பேச வைத்தது. இந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அப்படி இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

ஒருவர் பாத்திரக்கடை மருதப்பன். இன்னொருவர் ரைஸ்மில் வெள்ளத்துரை. ஒருவர் கோயிலுக்கு ஃபேன் கொடுத்தால் மற்றவர் அதைவிடப் பெரிய ஃபேன் கொடுப்பார். இரண்டின் இறக்கையிலும் பெயர் இருக்கும், ஓடும்போது வாசிக்க முடியாது என்பதால் இருவருமே ஃபேனைப் போட விடமாட்டார்கள். இவர்களிடம் மைக் விஷயத்தை எடுத்துச் சொன்னது, குழுவுக்கு வழக்கமாகச் சவுண்ட் செட் போடும் கடையநல்லூர் ஆஷிக் அலி. பேச்சிராஜாவுக்கு இருபது வருடச் சிநேகிதன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நம் தலையில் கல்லைப் போட்டுவிட்டானே என்று பேச்சிராஜாவுக்கு அழுகையே வந்தது.

மைக் தேர்வு மருதப்பன் கடையில், எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் நடந்தது. ஆஷிக் அலி மூன்று ஜோடி கொண்டுவந்திருந்தான். ஒன்று சாதாரணமாகப் பாடகர் கையில் பிடிக்கிற மைக். இரண்டாவது, மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக், கத்தரிக்காய் அளவுக்குத் தலை பெருத்தது. மூன்றாவதும் கண்டென்சர்தான், ஆனால் பேனா மாதிரி ஒல்லி.

பேச்சிராஜா முந்திக்கொண்டான். "பாடுத மைக்குதான் அண்ணாச்சி சிம்பலுக்குத் தோது. நல்ல முரட்டு மைக்கு. இந்தப் பேனாவெல்லாம் மேடைக்கு ஆகாது. ஆடிக்காத்துல இரையும்."

"அதுக்கு ஸ்பாஞ்சு குல்லா இருக்கு" என்றான் ஆஷிக் அலி. "பாடுத மைக்குல பக்கத்துல இருக்கதுதான் கேக்கும். சிம்பல் சத்தம் மேல எழும்பி விரியும்லா. அதைப் பிடிக்க பேனாதான் சரி." ஒரு தாம்பாளத்தை எடுத்து வைத்துத் தட்டினான். ஹெட்போனை இருவர் காதிலும் மாறி மாறி மாட்டினான்.

மருதப்பன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. பேரை எங்கன எழுத?" என்றார்.

பேச்சிராஜாவுக்கு உயிர் வந்தது. வெள்ளத்துரை பேனா மைக்கை உருட்டி உருட்டிப் பார்த்தார். "இதுல என் இனிஷியல்தான் நிக்கும்" என்றார். பெரிய தலை மைக்கை அளந்து பார்த்தார்கள். அதில் 'வெள்ளத்துரை' வரைக்கும் வந்தது, 'ரைஸ் மில்' வரவில்லை. பாடகர் மைக்கில் கைப்பிடி நீளம் என்பதால் இரண்டுமே வரும்போல இருந்தது. பேச்சிராஜா மனதுக்குள் சங்கரநாராயணருக்கும் கோமதி அம்மனுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டான்.

"மைக்குல எதுக்கு எழுதணும்?" என்றான் ஆஷிக் அலி. "ஸ்டாண்டு மேல குறுக்க ஒரு கம்பி வருது. அதுல ஆளுக்கொரு போர்டு தொங்கவிடுதேன். கடைசி வரிசைக்கும் தெரியும்."

அவ்வளவுதான். பேனாவே தீர்மானமாயிற்று. ஆஷிக் அலி விடவில்லை. ஒரு குச்சியை எடுத்து வெறும் காற்றில் விசிறினான். ஹெட்போன் மாட்டியிருந்த மருதப்பன், "அட, உஸ்ஸுனு கேக்குதே" என்றார்.

"குச்சி காத்துல போறதுகூட இதுல கேக்கும் அண்ணாச்சி" என்றான் ஆஷிக் அலி. சொல்லும்போது அவன் பார்த்தது பேச்சிராஜாவை.

அன்றிலிருந்து பேச்சிராஜா சரியாகச் சாப்பிடவில்லை. பயமென்றால் அப்படி ஒரு பயம். பதினோரு வருடப் பித்தலாட்டம் ஸ்பீக்கர் பாக்ஸ் வழியாக ஊருக்கே கேட்கப்போகிறது. காய்ச்சல் என்று கரிவலத்தில் மாமனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தான். போஸ்டர் கரிவலத்திலும் ஒட்டியிருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். நல்ல சிம்பலான இடதை மட்டும் அடிப்பது. வலதுக்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கொள்வது.

கச்சேரி அன்று சாயங்காலம் மேடைக்குப் போனால் போர்டுகள் தொங்கின. மருதப்பன் தன் கடைச் சரக்கான பித்தளைத் தகட்டில், எழுத்தை வெட்டி, புளி போட்டுத் துலக்கி, வலது பக்கம் தொங்கவிட்டிருந்தார். வெள்ளத்துரை அதைவிட இரண்டு பங்கு பெரிதாக, பிளைவுட்டில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி இடது பக்கம். இரண்டுக்கும் நடுவே பேச்சிராஜாவின் முகம் பாதிதான் தெரிந்தது. பேனா மைக் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் பாட்டு. உச்சம் வந்தது. கை ஏறியது. அடிடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடது குச்சியை இறக்கினான். குச்சி ஒரு இஞ்ச் மேலே நின்றது. மறுபடி இறக்கினான். மறுபடியும் நின்றது. பதினோரு வருடம் பழகிய கை, அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவமானத்தில் வியர்த்துக் கொட்டியது. தப்பிக்கத் தெரிந்தது ஒன்றுதான், கையை இன்னும் உயரத் தூக்குவது. தூக்கினான். வலது குச்சி பித்தளைத் தகட்டில் போய் மோதியது.

ஜங்ங்ங் என்று எழுந்த சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பேனா மைக் அதில் ஒரு துளி சிந்தவில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் மருதப்பனும் எழுந்து, தட்டப்பட்டது தன் பெயர் என்பதால், நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

இரண்டாவது பாட்டில் மருதப்பன் பதினாறு தடவை ஒலித்தார். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் மேடைக்குத் துண்டுச் சீட்டு வந்தது. விருப்பப் பாடல் என்று நினைத்துப் பாடகர் மைக்கிலேயே வாசித்துவிட்டார். "என் பெயரையும் அடிக்கவும். இப்படிக்கு வெள்ளத்துரை."

பேச்சிராஜா பிளைவுட்டை அடித்தான். டொக் என்றது. கூட்டம் சிரித்தது. இரண்டாவது சீட்டு வந்தது. "பலமாக அடிக்கவும்." பலமாக அடித்தான். பலமான டொக். மூன்றாவது சீட்டு வரவில்லை, வெள்ளத்துரையே வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரம்ஸ் பக்கத்தில் போய் நின்று, "அவரு பேரு மணி மாதிரி கேக்குது, என் பேரு கதவு தட்டுத மாதிரியா கேக்கணும்? தள்ளும்வே" என்று போர்டைப் பிடித்து இழுத்துத் தானே ஒரு குத்து விட்டார். போர்டின் கட்டுக்கம்பி அறுந்தது. பிளைவுட் நேராக இடது சிம்பல் மேல் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தகட்டுச் சத்தம் குத்தும், இது விரிந்தது. பாக்ஸிலிருந்து கிளம்பி, கூட்டத்தின் தலைக்கு மேல் பரவி, மெல்ல மெல்ல அடங்கியது. பேச்சிராஜா அப்படியே உட்கார்ந்திருந்தான். இது என் சிம்பல், இவ்வளவு அழகாக இருக்குமா இது? கை தானாக இறங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. இடதை அடித்தான். மறுபடி அடித்தான். மனசு நிறைந்துபோய் வலதையும் அடித்தான், அது ஓட்டைச் சட்டியாகவே கத்தியது, அதையும் அடித்தான்.

வெள்ளத்துரை பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பம் கேட்டியளா என் பேரை?" என்று மருதப்பனைப் பார்த்துக் கேட்டார்.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. ஆஷிக் அலி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். பேச்சிராஜா பக்கத்தில் போய் நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும்வே" என்றான்.

"வேண்டாம்" என்றான் ஆஷிக் அலி. "ஸ்னேர் டிரம்முக்கு வைக்குத மைக்குல எப்பவும் சிம்பல் சத்தம் கொஞ்சம் கசியும். வாசுதேவநல்லூர்ல அன்னைக்குக் கசிவு நின்னுபோச்சு. எனக்குத் தெரியாதா?"

பேச்சிராஜா கீழே கிடந்த ஒயரின் மறுமுனையை எடுத்தான். "பதினோரு வருசமா ஏன்வே சொல்லல?" என்றான்.

"முதல்ல எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. மிக்ஸிங் சுத்தமா வந்துச்சு. பொறவு சொன்னா நீரு மூஞ்சில முழிக்க மாட்டீருன்னு பயம். அதான் பேரு போட ஆசைப்படுத ரெண்டு பேரைப் பிடிச்சேன்." ஆஷிக் அலி பேனா மைக்குகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினான். "உம்ம சிம்பலைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

பேச்சிராஜா டிரம்ஸுக்குத் திரும்பிப் போனான். கரண்டும் இல்லை, மைக்கும் இல்லை. அவன் ஒருவனுக்காக இடது சிம்பலில் ஒரே ஒரு அடி அடித்தான்.

தெருமுனையில் போய்க்கொண்டிருந்த வெள்ளத்துரை, யாரோ கூப்பிட்டதுபோல் நின்று திரும்பிப் பார்த்தார்.