மண்ணில் பதிந்த லட்சுமி

சுக்பதி, இறந்துபோன அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் கோதுமைக் குதிர் சாய்கிற சத்தம் கேட்டது. அண்ணன் பாக்சந்த் தேட ஆரம்பித்துவிட்டான்.

பதினான்கு வருஷத்துக்கு முன் அவர்கள் கொண்டைக்கடலைக் காட்டில் கலப்பை ஒரு செப்புக் கலயத்தைப் பெயர்த்தது. உள்ளே ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காலச்சூரி ராஜாக்கள் காலத்துப் பொற்காசுகள். ஒரு பக்கம் நான்கு கைகளோடு உட்கார்ந்த லட்சுமி, மறுபக்கம் ராஜாவின் பெயர். அப்பா கேந்தாலால் கலயத்தோடு தூக்கிப்போய் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டார். அந்தக் குளிரில்தான் அம்மா இருமி இருமிச் செத்தாள். ஜபல்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கையில் பணமில்லை. அன்றிலிருந்து பாக்சந்த் அப்பாவோடு பேசியதில்லை.

“துளசி இருக்கு, நர்மதைத் தண்ணி இருக்கு,” என்றார் வாசலில் பண்டிதர். “வாயில வைக்கப் பொன்னுதான் வேணும்மா. குந்துமணி அளவு போதும்.”

சுக்பதியின் மூக்குத்தி போன வருஷமே மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டது. அவள் உள்ளே போனாள். பாக்சந்த் சாமி மாடத்தை அரிவாளால் குடைந்துகொண்டிருந்தான்.

“அப்பா வாய்க்கு வைக்கவா தேடுற?”

“ஒண்ணாவது ஒளிச்சு வெச்சிருப்பாருடி. எவனாவது முழுசாத் தூக்கிக் குடுப்பானா?”

ஒரு துணிமுடிச்சு கையோடு வந்தது. அவசரமாக அவிழ்த்தான். உள்ளே சுட்ட களிமண் வில்லை. ஈரமண்ணில் காசை அழுத்தி எடுத்து, அடுப்பில் சுட்டிருக்கிறார். லட்சுமியின் நான்கு கைகளும் துல்லியமாக விழுந்திருந்தன. பின்பக்கம் அப்பாவின் பெருவிரல் ரேகை.

“மண்ணு,” என்றான் பாக்சந்த்.

“தெனம் இதுக்கு விளக்கு வெச்சாரு. ஏம்ப்பா குடுத்தேன்னு கேட்டா, ‘அவ எனக்கு மட்டும் வந்தவ இல்லம்மா’ம்பாரு. அம்மா போனப்புறம் விளக்கையும் நிறுத்திட்டாரு. அந்தப் பேச்சையும் நிறுத்திட்டாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ எங்கண்ணே கேட்ட?”

அவன் வில்லையை முடிந்து மாடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து தன் காதிலிருந்த பொன் கடுக்கனைத் திருகினான். வருஷக்கணக்காகக் கழற்றாதது, அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். காதில் ரத்தம் துளிர்த்தது.

தாடைக்கட்டைத் தளர்த்தி, கடுக்கனை நாக்கின்மேல் வைத்து, துளசியோடு தண்ணீர் விட்டான். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. தோள் துண்டின் நுனியால் துடைத்தான். மறுபடி வழிந்தது. பண்டிதர் போதும் என்று கைகாட்டிய பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.