தடித்த எழுத்தின் எடை

ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவ உதவி அலுவலகத்துக்குத் தேவகிருபை அனுப்பிய மெயில்களில் தடித்த எழுத்தில் இருந்தவை மட்டும், மறுநாள் காலை ஆறரைக்கு மம்சாபுரத்தில் அவள் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தன. முதலில் விழுந்தது 9.4. ஒரு வாளி நசுங்கியது.

அது அவள் அப்பா ஏசுவடியானின் இந்த வருஷத்துக் கிரியாட்டினின், சிறுநீரகம் கெடக் கெட இரத்தத்தில் ஏறும் எண். போன வருஷம் 2.1. கட்டம் போட்டுத்தான் அனுப்பியிருந்தாள். அந்த அலுவலகக் கம்ப்யூட்டர் வெறும் எழுத்தைத்தான் உள்ளே விடும். கட்டம், கலர், போல்டு என்கிற தடித்த எழுத்து, இணைப்பு எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிடும். கட்டம் போனதும் எண்கள் வருஷத்தை விட்டுப் பிரிந்து ஒன்றாய்க் குவிந்தன. கிளார்க் சங்கரலிங்கம் பெரிய எண்ணைப் பழசென்று எடுத்துக்கொண்டார். நோயாளி தேறி வருகிறார், டயாலிசிஸ் உதவி தேவையில்லை என்று பதில் வந்தது.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஏற்றுமதி மெயில் எழுதுவது அவள் வேலை. பெட்டி இரண்டு நாள் பிந்தினால் சிவப்பில் எழுதி, மஞ்சள் பூசி, வெளிநாட்டுக்காரனிடம் மன்னிப்புக் கேட்பாள். புண்ணில் சுற்றும் துணிக்கு அவ்வளவு மரியாதை. கட்டம் உரிந்து எண் மாறிப்போனதைப் போனில் சொன்னபோது, அலங்காரமெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு என்றார் சங்கரலிங்கம். வைரஸ் வரும் என்றார். போல்டை அனுமதித்தால் எல்லாரும் போல்டிலேயே எழுதுவார்கள் என்றார்.

"எல்லாருக்கும் அவசரந்தான் சார். இல்லைன்னா உங்களுக்கு எதுக்கு எழுதுதோம்?"

எந்த எண் எந்த வருஷத்தது என்று வரியிலேயே எழுதி, 'அவசரம்' என்பதை மட்டும் போல்டில் வைத்து, மேலும் பதினொரு மெயில் போட்டாள். படித்ததாகவே தெரியவில்லை. முற்றத்தில் பதினொரு 'அவசரம்' சேர்ந்தது. ஏசுவடியானின் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அவர் ஒரு 'அவசரத்தின்' மேல் உட்கார்ந்து, "ஏட்டி, நாற்காலிக்கு இது தேவலை" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதையே சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, சங்கரலிங்கத்தின் மேசையில் போட்டாள். மேசைக்கால் முறிந்தது. அவர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"ஏம்மா, இதை மெயில்ல அனுப்பியிருக்கலாம்லா?"

அடுத்த மாதம் அலுவலக வாசலில் எடை மேடை வைத்தார்கள். மெயிலுக்கு வெறும் எழுத்து என்ற விதி அப்படியே இருந்தது. அவரவர் முற்றத்தில் விழுந்ததைத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும், கனமானதற்கு முதல் இடம், அன்றைக்கு எட்டுப் பேருக்குத்தான் உதவி. ஒரே சொல்தான், எடை ஆளுக்கு ஆள் வேறு. மகாராஜபுரத்திலிருந்து தள்ளுவண்டியில் வந்தார்கள். ஏசுவடியானுடையது நாற்பத்தொரு கிலோ. ஒன்பதாவது இடம். முதலில் நின்ற கான்சாபுரத்துக்காரர் தன் மகளுடையதை டிராக்டரில் கொண்டுவந்திருந்தார். அவரிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை.