நடந்து போன கூரை

"சாயாம தூக்குங்க! மெதுவா, மெதுவா!"

கத்திக்கொண்டே கண்ணாயி முன்னால் ஓடினாள். ஊரே தோள் கொடுக்க, அவள் வீட்டின் புல்கூரை சுவரை விட்டு முழுசாக எழும்பியது. சுற்றிலும் பாய்கள் தரையைத் தொடத் தொங்கின.

வீடுகள் இடம் மாறுவதை மேற்பார்க்கச் சேலத்திலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் ராகவலு இரண்டடி பின்வாங்கினார். கோடையில் கரடியூருக்குப் பக்கத்திலுள்ள இந்தச் சிற்றூரில் தீ குடிசைக்குக் குடிசை தாவியிருந்தது. இனி வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, நடுவே வண்டிப்பாதை விடலாம் என்று கூட்டத்தில் பேசி முடித்தார்கள். கண்ணாயி மட்டும் தவணை கேட்டாள், காரணம் சொல்லவில்லை. "இன்று உச்சிப்பொழுதுக்குள்ளே வீடு நகராவிட்டால் ஆளை விட்டுக் கூரையைப் பிரித்துவிடுவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார் ராகவலு.

இப்போது ஒரு குன்றே எழுந்து அவரை நோக்கி நடந்து வந்தது.

"ஏம்மா, பிரித்துக் கொண்டுபோய் வேயலாமே?"

"ஆகாதுங்க! ஒதுங்குங்க துரை, கூரைக்குக் கண்ணு தெரியாதுங்க!"

கூட்டம் சிரித்தது. அதே நேரம் சரிவில் யாருக்கோ கால் வழுக்க, ஒரு மூலை சடாரென்று தாழ்ந்தது. கண்ணாயி அலறினாள். ராகவலு கோட்டோடு பாய்ந்து தோள் கொடுத்தார்.

புதுச் சுவர்மேல் கூரை உட்கார்ந்ததும் கண்ணாயி அவரிடம் வந்தாள்.

"பேரு வைக்கிற வரைக்கும் வெளியாளுகிட்டச் சொல்லக் கூடாதுங்க. புள்ள பொறந்த கூரை நெழலை உட்டும் வரக் கூடாது. கூரை சுமந்த நீங்க இனி வெளியாளுங்களா?"

பாயை விலக்கினாள். வழி முழுக்கக் கூரைக்கடியிலேயே நடந்து வந்த அவள் மருமகள் ஆராயி நின்றாள். மார்பில், கண் திறக்காத பச்சைக் குழந்தை.