ஐந்தாவது செயலிக்கு ஒரு பொதி

1

"திரையில பச்சை விழணும்னு அப்பாவைக் கொன்னுட்டியேடா!"

"மெதுவா பேசுக்கா. பக்கத்து வீட்டுக்கு உடம்பெல்லாம் காது."

பக்கத்து வீடு நான்தான். இந்தக் கதை சுவர் வழியாக எனக்கு வந்தது. திருட்டுப் பொருள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'கணினி யுகத்தில் மனிதனின்...' எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மென்பொருள்களை ஐந்து ரகச் செயலிகளுக்கும் [கைப்பேசி 'ஆப்' அல்ல, கணினியின் மூளையான சில்லு] தனித்தனியாகத் தொகுத்து, பொதியாக்கி, அதாவது பேக்கேஜாக்கி, இணையத்தில் வைப்பது தம்பியின் வேலை. சம்பளம் கிடையாது. [பெண் கொடுக்க வந்தவர்கள் இந்த இடத்தில்தான் எழுந்துபோனார்கள்.] ஒவ்வொரு ரகத்திலும் சோதனை ஓடும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. எச்சரிக்கை மணி அடிக்க உதவும் ஒரு பொதிக்கு நான்கு பச்சை விழுந்தது. ஐந்தாவது ரகமான பழைய சின்னச் செயலியில் மட்டும் சிவப்பு. நிறுத்தாமல் ஓடினால் இருபத்தைந்தாம் நாள் அதன் நேரக் கணக்கு நிரம்பி வழிந்துவிடும். அப்புறம் எச்சரிக்கை மணி அடிக்காது. அந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடும்படி தம்பி ஒரு வரி எழுதினான். பச்சை விழுந்தது.

3

அப்பாவின் கட்டிலருகே, மூச்சு தளர்ந்தால் கத்தும் பெட்டி ஒன்று இருந்தது. தம்பி செய்தது. உள்ளே அதே சின்னச் செயலி, அதே பொதி. பெட்டி ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து, ஒரு மதியம் அப்பா போய்விட்டார். பெட்டி கத்தவே இல்லை என்கிறாள், அடுத்த அறையில் இருந்த அக்கா. [அன்றைக்கென்று பார்த்து நான் வீட்டில் இல்லை.]

தம்பியை வில்லனாக்கப் பார்த்தேன். அவன் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு... வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.

4

"அந்தச் செயலிய இன்னும் யாரு வச்சிருக்கப் போறான்னு நெனச்சேன்கா."

"நம்ம வீட்லயே இருந்துச்சேடா, பாவி!"

 

5

நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்திருந்தால், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கியிருக்கும், பெட்டி கத்தியிருக்கும். கரண்ட் போனதா, மணி கத்தியதா, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பதிவாகியிருக்கும். பெட்டியைத் தம்பியிடம் கொடுக்காமல் அக்கா பூட்டி வைத்திருந்தாள். மாடிப்படியில் மறித்துக் கேட்டேன்.

"பாத்துட்டா தெரிஞ்சிடுமேம்மா?"

"கத்தியிருந்தா?" என்றாள். "கத்தியும் நான் எந்திரிக்கலன்னு ஆயிடும். அன்னிக்குக் கண்ணசந்துட்டேன்."

யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

6

பதிவில் என்ன இருந்தது என்று இரண்டு முடிவுகள் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். கரண்ட் போனதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அக்காவா தம்பியா, யாரைத் தூங்கவிடக்கூடாது என்பது உங்கள் பொறுப்பு.

பிற்பாடு அக்கா ஒரு லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு என் கீழ்வீட்டுக்கே குடிவந்தாள். தம்பி அதற்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டான். அக்கா கேட்டால் கொடுக்கச் சொல்லி என்னிடம் தன் புது விலாசம் எழுதித் தந்திருக்கிறான். தினமும் அவளைப் பார்க்கிறேன். அவள் இன்னும் கேட்கவில்லை.